கியா பார்ம்: லோரிப் பாதையில் மலைச் சைக்கிள்

கேமரன் மலைக்குச் சைக்கிளோடு வருகிற பலர் முதலில் விசாரிப்பது காட்டுப் பாதையைத்தான். தானா ராத்தாவில் தங்கும் விடுதிகளில் கொடுக்கும் வரைபடத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்; 1, 2, 3 என்று எண் போட்ட பாதைகள் மலையெங்கும் ஓடும். ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் சங்கதி தெரியும். பிரிஞ்சாங்கிலிருந்து சிகரத்துக்குப் போகும் 1-ஆம் எண் பாதையில் வேரைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். இடுப்பளவு பள்ளங்களில் சேறு தேங்கிக் கிடக்கும். சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு நடப்பதற்காக யாரும் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

இங்கே சைக்கிளுக்கென்றே அமைந்த பாதை, தேயிலைத் தோட்டத்து லோரிப் பாதை. கொழுந்து மூட்டைகளை ஏற்றிய லோரி தொழிற்சாலைக்குப் போய்வர, மலையின் இடுப்பைச் சுற்றிச் சரிவு பார்த்து வெட்டியது. லோரி ஏறக்கூடிய சரிவில் சைக்கிளும் ஏறும். சில இடங்களில் தார், சில இடங்களில் சிமெண்டு, மற்ற இடங்களில் கல் கலந்த செம்மண். வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885-இல் இந்த மேட்டுநிலத்தைப் பற்றி எழுதி வைத்தார். அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே வண்டி வரும் வழி கிடையாது. 1929-இல் ஜே. ஏ. ரசல், இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ. பி. மில்னோடு சேர்ந்து ஹாபு பக்கத்தில் போ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மேலே வரும் சாலை 1930-களின் தொடக்கத்தில் வந்தது. 1933-இல் பாரத் தேயிலை நிறுவனமும் வந்து சேர்ந்தது. நாம் இன்று பொழுதுபோக்குக்காக மிதிக்கிற பாதைகளுக்குக் காடு வெட்டி, மண் சுமந்து, கல் பரப்பியவர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள். தோட்டத்துக்குள் எப்படி நடந்துகொள்வது என்று பின்னால் சொல்லும்போது இதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

காலை 7 முதல் பகல் 1 வரை

கியா பார்ம் பிரிஞ்சாங்குக்கு வடக்கே, 1,500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. பகலில் 20 பாகையைச் சுற்றி இருக்கும். விடியலில் 15-க்குக் கீழேயும் போகும். கோலாலம்பூர் வெயிலில் ஓட்டிப் பழகியவருக்கு முதல் அரை மணி நேரம் சொர்க்கமாகத்தான் இருக்கும். அந்த உற்சாகத்தில் வேகமாக மிதித்துவிடாதீர்கள். 2,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். தலைசுற்றல் வராவிட்டாலும், ஏற்றத்தில் மூச்சு எதிர்பார்த்ததைவிட முன்பே வாங்கும்.

ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடம் இது. மழையில்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. ஜனவரி, பிப்ரவரியில் ஓரளவு குறைவு, ஜூன் ஜூலையிலும் தாங்கும். ஏப்ரல் மேயும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் கனமழைக் காலம். மாதத்தைவிட நாளின் நேரம்தான் இங்கே முக்கியம். காலை வெயில் பள்ளத்தாக்குகளைச் சூடாக்கி, ஈரக்காற்று மேலேறி, பகல் ஒரு மணி இரண்டு மணிக்கு மேல் மேகம் திரண்டு கொட்டுவது வழக்கமான நடைமுறை. மலேசியக் கடிகாரத்தில் சூரியன் உதிப்பதே ஏழு மணியை ஒட்டித்தான். ஆக நமக்குக் கிடைப்பது ஆறு மணி நேரம். ஏழு மணிக்கு வெளிச்சம் வந்ததும் சக்கரம் உருள வேண்டும். ஒரு மணிக்குக் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். காலைச் சாப்பாட்டை நிதானமாக முடித்து, பத்தரைக்குப் புறப்படலாம் என்று நினைப்பவர் அன்றைக்கு மழையில்தான் திரும்புவார்.

சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை நாள்களில் பிரதான சாலையில் ஓட்டவே வேண்டாம். கியா பார்ம் சந்தைக்கு முன்னால் கார்களும் பேருந்துகளும் மணிக்கணக்கில் நிற்கும். அவற்றின் இடுக்கில் நுழைந்து போகலாம்தான், ஆனால் ஸ்ட்ராபெரி பொட்டலத்தோடு திடீரென்று கார்க் கதவைத் திறக்கிறவர்கள் ஒவ்வொரு பத்தடிக்கும் உண்டு. செவ்வாய் முதல் வியாழன் வரை வர முடிந்தால் நல்லது.

முதல் வழி: சுங்கை பாலாஸ்

கியா பார்ம் சந்தையைத் தாண்டித் திரிங்காப் திசையில் கொஞ்ச தூரம் போனால் இடப்பக்கம் சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் பலகை தெரியும். அங்கே திரும்பியதும் கார் ஹார்ன் சத்தம் பின்தங்கிவிடும். கொஞ்ச தூரம் காய்கறித் தோட்டங்களும் பிளாஸ்டிக் கூரைகளும் வரும். இந்தப் பகுதியில் நாய்களைக் கவனியுங்கள். தோட்டக் காவலுக்குக் கட்டாமல் விட்டவை, சுழலும் காலைக் கண்டால் துரத்தும். வேகத்தைக் கூட்டினால் அவையும் கூட்டும். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடந்து கடப்பதே உத்தமம்.

அதன் பிறகு தேயிலை. சாலை ஒரு வண்டி அகலம். ஒரு பக்கம் மேட்டுச் சரிவு, மறுபக்கம் பள்ளம். செடிகள் கணுக்கால் புதைகிற நெருக்கத்தில், சரிவின் ஒவ்வொரு வளைவையும் பின்பற்றி வரிசை கட்டி நிற்கும். ஏற்ற இறக்கம் கலந்து வருவதால் புதியவர்களுக்கும் கைவரும். பார்வையாளர் மையத்தில் தேநீர் குடித்துவிட்டு வந்த வழியே திரும்பினால் மிதமான ஓட்டம். மையம் திங்கட்கிழமைகளில் மூடியிருப்பது வழக்கம், போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிரிஞ்சாங் மலைச் சாலை இதே வழியிலிருந்துதான் பிரிகிறது. மலேசியத் தீபகற்பத்தில் வண்டி ஏறக்கூடிய மிக உயரமான சாலைகளில் ஒன்று. பிரதான சாலையிலிருந்து உச்சி வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர், உச்சி 2,000 மீட்டரைத் தாண்டும். கடைசிப் பகுதி, முன்சக்கரம் தரையைவிட்டு எழும் அளவுக்குச் செங்குத்து. முன்னால் 32 பல், பின்னால் 50 பல் உள்ள கியர் இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். அதைவிடக் கடினமான கியர் என்றால் எங்கேயாவது இறங்கித் தள்ள வேண்டும், அதில் வெட்கமில்லை. உச்சியில் ஒளிபரப்புக் கோபுரங்களும் ஒரு பார்வைக் கோபுரமும் உண்டு. காட்சி பெரும்பாலும் மேகத்துக்குள் இருக்கும்.

உச்சிக்குச் சற்று முன்னால்தான் பாசிக்காடு. மரத்தண்டு, கிளை, தரை எல்லாவற்றையும் பாசி மூடியிருக்கும். கெண்டிச் செடிகள் அங்கங்கே தொங்கும். அங்கேயிருந்து ஐராவ் சிகரத்துக்கு ஒரு தடம் போகிறது. அதற்குள் சைக்கிளைக் கொண்டுபோகவே கூடாது. கால் வைக்கும் தரை மண்ணாக இருக்காது. வேர்களுக்குமேல் பல தலைமுறையாக மக்கிச் சேர்ந்த மெத்தை அது. ஒரு டயர் கிழித்துப் போட்டால் அந்த வழியே மழைநீர் இறங்கி, அடுத்த பருவத்துக்குள் வாய்க்காலாகிவிடும். பாசிக்காடும் ஐராவ் தடமும் பராமரிப்புக்காக அவ்வப்போது மூடப்படுவதுண்டு. நடந்து போவதானாலும் வனத்துறையில் கேட்டு அனுமதி பெற்ற பிறகு போங்கள். காட்டுக்குள் சும்மா ஒரு சுற்று என்று தனியாக நுழைகிறவர்களுக்கு இந்த மலையில் பழைய எச்சரிக்கை ஒன்று உண்டு. தாய்லாந்துப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அமெரிக்கர் ஜிம் தாம்ப்சன், 1967 மார்ச் 26-ஆம் தேதி இங்கே ஒரு பங்களாவிலிருந்து வெளியே நடந்து போனவர், திரும்பவேயில்லை. காவல்துறை, ராணுவம், பூர்வகுடித் தடம்பார்ப்பவர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். ஒரு தடயமும் அகப்படவில்லை.

இறக்கம்

ஏறுவது காலின் வேலை, யாரும் மெதுவாக முடித்துவிடலாம். ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

மலைச் சைக்கிள் விளையாட்டே பிரேக் எரிந்த கதையில் பிறந்தது. 1976 அக்டோபரில் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் ஒரு மண்சாலை இறக்கத்தில் பந்தயம் விட்டார்கள். பின்சக்கர அச்சுக்குள் இருந்த பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் அச்சைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயர் விழுந்தது. இன்றைய டிஸ்க் பிரேக்கில் கிரீஸ் கிடையாது, சூடு மட்டும் அப்படியே இருக்கிறது. பிரிஞ்சாங் உச்சியிலிருந்து இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்தபடியே இறங்கினால் பேட் பளபளத்து, பிரேக் எண்ணெயும் கொதித்து, கீழே வரும்போது லீவர் கைப்பிடியைத் தொடும், வண்டி நிற்காது. வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவில் விட்டுவிடுங்கள், நேரான துண்டில் டிஸ்க் காற்றில் ஆறட்டும். அழுத்தும்போது முன்னதும் பின்னதும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பயந்து பின் பிரேக்கை மட்டும் நம்பினால் ஈர மண்ணில் பின்சக்கரம் பக்கவாட்டில் ஓடும்.

சீட்டைத் தாழ்த்துங்கள். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, குதிகாலைக் கீழே அழுத்தி, கண்ணை முன்சக்கரத்திலிருந்து எடுத்துப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் வையுங்கள். மழைக்கு உலோகம் கலந்த பேட் நீடிக்கும். வழக்கமான ரெசின் பேட் இங்கத்துச் சேற்றில் சீக்கிரம் கரைந்துவிடும், பையில் ஒரு ஜோடி உபரி இருக்கட்டும். டயர் 2.3 அங்குலம் போதும். 70 கிலோ எடையுள்ளவர் டியூப்லெஸ் டயரில் 22 முதல் 25 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கலாம், டியூப் உள்ள டயருக்கு இன்னும் நாலைந்து கூட்டுங்கள். சைக்கிள் முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயிலாக இருந்தால் தாராளம். இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள கனத்த வண்டியை இந்த ஏற்றங்களில் இழுப்பது என் கணக்கில் வீண் உழைப்பு. வாடகைச் சைக்கிளை நம்பி வருவதைவிடப் பழகிய வண்டியைக் கொண்டுவருவது நல்லது. வாடகை எடுத்தே ஆக வேண்டுமென்றால், பணம் கொடுப்பதற்கு முன்பு இரண்டு பிரேக்கையும் இறக்கத்தில் சோதியுங்கள்.

தோட்டப் பாதைக்கே உரிய சில கண்ணிகளும் உண்டு. மழைத் தண்ணீரைப் பள்ளத்துக்குத் திருப்ப, பாதையின் குறுக்கே சாய்வாகக் கான் வெட்டியிருப்பார்கள். ஒரு சாண் அகலம்தான், ஆனால் இலைச் சருகு நிரம்பித் தரையோடு தரையாகத் தெரியும். அதன்மேல் சாய்வாகவே போனால் முன்சக்கரம் உள்ளே மாட்டி, ஆள் மட்டும் தனியாகப் போவார். கானுக்கு நேர் குறுக்காகத் திரும்பி, முன்சக்கரத்தைச் சற்றுத் தூக்கிக் கடக்க வேண்டும். நிழல் விழும் சிமெண்டு ஓரங்களில் பச்சைப் பாசி படிந்திருக்கும், அங்கே பிரேக் பிடிக்கவே கூடாது. வண்டித் தடத்தின் நடுவில் மேடாக இருக்கும் புல்வரிசை பிடிப்பாகத் தோன்றும். பனி ஈரத்தில் அதுவும் வழுக்கும்.

எதிரே வருவது பெரும்பாலும் லேண்ட் ரோவர். இந்த மலையில் அது காய்கறி மூட்டைக்கும் ஓடும், சுற்றுலாப் பயணிகளுக்கும் ஓடும். சூரிய உதயம் காட்டவும் பாசிக்காட்டுக்கும் ஆள் ஏற்றிப் போகிற வண்டிகள் காலை ஒன்பது மணி வரைக்கும் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். ஓட்டுநர்களுக்கு வளைவுகள் மனப்பாடம், வேகமும் அப்படி. ஆகவே அந்த நேரத்தில் ஏறுங்கள், ஒன்பதுக்கு மேல் இறங்குங்கள். பனிமூட்டத்தில் உங்கள் பின்விளக்குதான் உங்களைக் காட்டும், பகலானாலும் எரியட்டும். உச்சியில் வியர்வை ஆறுவதற்குள் காற்று புகாத மேல்சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். இறங்கும் காற்றில் விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாது.

தோட்டத்துக்குள்

பொதுச்சாலையைவிட்டு விலகும் ஒவ்வொரு மண்பாதையும் தோட்ட நிறுவனத்தின் நிலம். சங்கிலி போட்டிருந்தால் அதன் பொருள் தெளிவு. சங்கிலி இல்லாவிட்டாலும் கேட்பதுதான் முறை. நம்மவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. காவல் குடிலிலும் லோரி ஓட்டுநர் இருக்கையிலும் தமிழ் பேசுபவர் இருக்க வாய்ப்பு அதிகம்.

“அண்ணே, இந்தப் பாதையில சைக்கிள் விடலாமா?”

“ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க தம்பி. இன்னைக்கு அந்தக் காட்டுல கொழுந்து வெட்டுறாங்க, லோரி வரும்.”

இப்படி ஒரு பதில் கிடைத்தால் அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். மருந்து தெளித்த அன்றைக்கு அந்தப் பகுதிக்குள் யாரும் போகக் கூடாது. அதை எந்த வரைபடமும் சொல்லாது, அங்கே வேலை செய்பவர்தான் சொல்வார்.

கொழுந்து வெட்டுவதைக் கிட்டத்தில் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு நின்று பாருங்கள். சாய்வு குறைந்த இடங்களில் இரண்டு பேர் வரிசைக்கு இருபுறமும் நின்று இயந்திரத்தைச் செடிமேல் நகர்த்திக்கொண்டு போவார்கள். வெட்டுண்ட இலை காற்றில் அடித்துப் பின்னால் இழுபடும் நீளப் பைக்குள் விழும். செங்குத்தில் இயந்திரம் ஏறாது. அங்கே பெட்டி பொருத்திய பெரிய கத்தரியோடு ஒற்றை ஆள், முதுகுக் கூடையோடு நிற்பார். ஒரு செடி மூன்று வாரத்துக்கு ஒருமுறை மறுபடி வெட்டுக்கு வரும். இப்போது வெட்டுகிறவர்களில் பங்களாதேஷ், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களே அதிகம். மூட்டை லோரி வந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும், அதுவும் மேட்டுப் பக்கமாக. பள்ளத்துப் பக்கத்து ஓரம் மழையில் ஊறி உதிரக்கூடும். செடி வரிசைகளுக்கிடையே குறுக்குவழி என்று இறங்கவே வேண்டாம். தோட்டக் குடியிருப்பையும் தமிழ்ப்பள்ளியையும் கடக்கும்போது மிதிப்பதை நிறுத்தி உருளவிடுங்கள்.

ஆற்றுப் பள்ளத்தாக்குகள்

ஒரு நாளுக்கு மேல் தங்குபவர்களுக்கு இரண்டு பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. வடக்கே தெலோம். கியா பார்மிலிருந்து திரிங்காப், குவாலா தெர்லா, கம்போங் ராஜா என்று சாலை இறங்கிக்கொண்டே போகும். இறக்கத்தில் பறந்துவிடலாம், திரும்பும்போது அத்தனையும் ஏற்றம். காய்கறி லோரிகளின் சாலை இது. சிம்பாங் பூலாய் வழி ஈப்போவிலிருந்து வரும் போக்குவரத்தும் கம்போங் ராஜாவில் சேர்கிறது. அங்கிருந்து புளூவேலித் தேயிலைத் தோட்டத்துக்குக் கிளைச்சாலை உண்டு. கனமழைக்கு மறுநாள் இந்தப் பக்கம் வராதீர்கள். 2024 ஜனவரி கடைசியில் புளூவேலியில் மலைச்சரிவு சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மண்ணுக்குள் மாண்டார்கள். சரிவில் புதிதாக வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகிய மூன்றில் எதைப் பார்த்தாலும் திரும்பிவிடுங்கள்.

தெற்கே பெர்த்தாம். எனக்குப் பிடித்தது இதுதான். கியா பார்மிலிருந்து ரிங்லெட் வரை பிரதான சாலையில் மிதிக்காமல், ஒரு பிக்கப்பில் சைக்கிளை ஏற்றி ஹாபு சந்திப்பில் இறங்கிக்கொள்ளுங்கள். கியா பார்மைவிட 400 மீட்டருக்கும் மேல் தாழ்வு, காற்றிலேயே வெதுவெதுப்பு தெரியும். அங்கிருந்து போ தோட்டத்துக்குப் போகும் சாலை காட்டையும் செமாய் பூர்வகுடி மக்களின் குடியிருப்புகளையும் கடந்து வளைந்து வளைந்து உள்ளே போகிறது. கார்கள் வரும், ஆனால் அவசரமில்லாமல் வரும். தோட்டம் திறந்துகொள்ளும் அந்தக் கடைசி வளைவுக்குப் பிறகு ஒரு முழுப் பள்ளத்தாக்கும் தேயிலைதான். குடியிருப்புகளில் வீட்டையும் குழந்தைகளையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். வழியில் ஆள் நின்றால் ‘தும்பாங் லாலு’ என்று சொல்லிக்கொண்டு மெதுவாகக் கடந்தால் சிரித்து வழிவிடுவார்கள்.

ரிங்லெட் ஏரி இயற்கையானதில்லை. 1963-இல் சுல்தான் அபு பக்கார் அணை கட்டித் தேக்கியது. வடக்கே ஓடும் தெலோமின் தண்ணீரையும் சுரங்கம் வழியாகப் பெர்த்தாமுக்குத் திருப்பி, ஏரியிலிருந்து இன்னொரு சுரங்கத்தில் மலைக்கு அப்பால் பேராக் பக்கம் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். பகாங்கில் பெய்த மழை பேராக்கில் விளக்கேற்றுகிறது. ஏரி எப்போதும் செம்பழுப்பாக இருப்பதற்குக் காரணம் மேலே வெட்டிய சரிவுகளிலிருந்து வந்து சேரும் வண்டல். சைக்கிளோட்டிக்கு இதில் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று: அணைக்குக் கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஆற்றங்கரைப் பாதைகள் சமதளமாக, ஆசை காட்டும்படி இருக்கும். 2013 அக்டோபர் 23-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் அணை நீரைத் திறந்துவிட்டபோது இந்தப் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. அபாயச் சங்கு ஒலித்தால் சைக்கிளைப் பற்றி யோசிக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். வானம் இங்கே தெளிவாக இருப்பது எந்த உத்தரவாதமும் ஆகாது, மழை மேலே பெய்திருக்கும்.

சில்லறை விஷயங்கள்

பள்ளத்தாக்குகளில் கைப்பேசிச் சிக்னல் கிடைக்காத துண்டுகள் உண்டு. போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் விடுதியில் எழுதிக் கொடுங்கள். அவசர எண் 999. மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கிறது. அட்டைக்குப் பயப்பட ஒன்றுமில்லை, தோட்டப் பாதையில் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஏறாது. புல்லில் உட்கார்ந்தால் ஏறும். நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பி எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

சாப்பாட்டுக்குக் கியா பார்ம் சந்தையே போதும்: அவித்த சோளம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு. கடையில் விற்கும் எனர்ஜி பார்களைவிட இரண்டு சர்க்கரைவள்ளி பையில் இருப்பது மேல். ஓட்டம் முடிந்து பிரிஞ்சாங்கிலோ தானா ராத்தாவிலோ சோறும் பருப்பும் ஒரு தே தாரிக்கும் கிடைக்கும்.

சைக்கிளை அன்று மாலையே கழுவுங்கள். இந்தச் செம்மண் காய்ந்தால் செங்கல்லாகிவிடும். அழுத்தத் தண்ணீரை அச்சுகளின்மேல் நேராக அடிக்காதீர்கள். வாளித் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் நல்லது. சங்கிலியைத் துடைத்துக் காயவிட்டு எண்ணெய் விடுங்கள். ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ பேருந்தில் திரும்புபவர்கள் பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, சங்கிலிப் பக்கம் மேலே இருக்கும்படி பெட்டிக்கிடங்கில் படுக்க வைக்க வேண்டும். பயணச்சீட்டு எடுக்கும்போதே சைக்கிள் உண்டு என்று சொல்லிவிடுங்கள். சேறு ஒட்டிய வண்டியோடு நின்றால் ஓட்டுநர் ஏற்றமாட்டார், மற்றவர்களின் பெட்டிகளும் அங்கேதான் இருக்கின்றன.